கை தட்டிப் புலியை விரட்டியவள்

இல்லை, ஜெயமணி ஆம்பளையைத் தேடிப் போகவில்லை. அதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். நம் தீவில் இந்த டெய்ரி ஃபார்ம் பக்கம் தண்ணீர் திறந்துவிடுகிற நாளெல்லாம் குழாயடியில் இதே பேச்சாக இருக்கிறது. தலை நரைத்து முழங்கால் வீங்கிப்போன அறுபது வயதுப் பொம்பளை, கப்பலேறி மூன்று நாள் கடலில் கிடந்து, மெயின்லேண்டில் ஒரு ஜீப் டிரைவரோடு குடித்தனம் நடத்தப் போயிருக்கிறாளாம். இதைச் சொல்கிறவர்கள் ஒரு தரம் அவளோடு நம் தெரு மேட்டில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்ச மேட்டை ஏறுவாள்.

போனில் ஆம்பளைக் குரல் கேட்டது என்கிறாள் பக்கத்து வீட்டு வசந்தகுமாரி. கேட்டதுதான், யார் இல்லையென்று சொன்னது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். ஜெயமணிக்கு ஒரு காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். "சின்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்று ஒரு குரல் வரும். வசந்தகுமாரி அதுவரைக்கும் கேட்டாள், துணியைக் கொடியில் உதறிப் போட்டாள், உள்ளே போய்விட்டாள். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அந்தப் போனை அவன் யார் கையில் கொடுத்தான் என்பதும் கேட்டிருக்கும். அதை விடுங்கள். எந்தக் கள்ளப் புருசன் சின்னம்மா என்று கூப்பிடுவான்? அதையாவது யோசிக்க வேண்டாமா?

மருமகள் ஷீலா துரத்திவிட்டாள் என்று இன்னொரு பேச்சு. அதுவும் இல்லை. ஷீலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அப்படியில்லை.

ஜெயமணி போனது புலி பார்க்க. கம்பிக் கூண்டுக்குள் கிடக்கிற புலியை இல்லை, காட்டில் அது பாட்டுக்குத் திரிகிற புலியை. முன்னாலேயே ஒரு தரம் போயிருக்கிறாள். அப்போது பார்க்க முடியாமல் போனதற்கு அவள் கைதான் காரணம். அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் உங்களுக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும்.

அவள் பிறந்தது சிலோனில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்கள் இருக்கிற வரிசை வீட்டில். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் நிரைக்குள், அதாவது செடி வரிசைக்குள், இறங்கும் முன்னால் ஓரத்தில் நின்று மூன்று தரம் கை தட்டுவார்கள். செடிக்கு நடுவே புலி படுத்திருந்தால் எழுந்து போகட்டும் என்று. படித்தவர்கள் அதைச் சிறுத்தை என்பார்கள், தோட்டத்துச் சனங்களுக்கு அது புலி. அதுவாக வந்து யாரையும் தொடாது. தூங்குகிறபோது போய் மிதித்தால்தான் வம்பு. அதனால் அந்தத் தட்டு விரட்டுகிற தட்டு இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று குரல் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. தட்டிவிட்டுத் தலையைக் குனிந்து, கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம்தான்.

ஜெயமணிக்கு ஒன்பது வயது. மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். தூக்குவாளி நிறையச் சூடு, மூடி கிடையாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுபோகிற கவனத்திலேயே நிரைக்குள் இறங்கிவிட்டாள். தட்டவில்லை. கை எங்கே சும்மா இருந்தது?

வளைவு திரும்பினதும் பத்தடி தூரத்தில் ஒரு கல். கல்மேல் அது படுத்திருந்தது. காய்ந்த மானாப்புல் நிறம், அதில் கரி அப்பினாற்போலப் புள்ளி. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழி விடும் முன் நாம் முகத்தைப் பார்ப்போம் இல்லையா, அப்படிப் பார்த்தது. பிறகு எழுந்து, ஓடாமல், செடிக்குள் போயிற்று. கடைசியாக வால் போயிற்று. வாளியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ராத்திரி லயத்தில் இதைச் சொன்னபோது அவள் அப்பா அழகர்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "புலியப் பாத்தவ நிதானமா வந்து தேத்தண்ணி குடுப்பாளா? கங்காணி வீட்டு நாயப் பாத்துட்டு வந்து கத அளக்குறா." லயமே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் அவர்களுக்கு இந்தியா போகிற சீட்டு வந்துவிட்டது. ரயில், கப்பல், மண்டபம் முகாம், மறுபடியும் கப்பல் என்று கடைசியில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். புலியைப் பற்றிக் கேட்க ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

கச்சாலில் காடு காடாக இருக்கும், ஆனால் புலியும் கிடையாது, நரியும் கிடையாது. முதலை தண்ணீர் ஓரத்தோடு நின்றுகொள்ளும். தீவில் பிறந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடப்பார்கள். ஜெயமணியால் முடியாது. ரப்பர் பால் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, விடியும் முன் தன் மரங்களுக்குள் நுழைகிற இடத்தில் நின்று மூன்று தரம் தட்டுவாள். இங்கே யாரடி இருக்கிறார்கள் எழுந்து போவதற்கு என்று கூட வெட்டுகிற பொம்பளைகள் கேட்பார்கள். கட்டிக்கொண்ட ராஜமாணிக்கம் மட்டும் கேட்கமாட்டான். அடுத்த பத்தியில் வெட்டிக்கொண்டிருப்பவன், இவள் தட்டினால் அங்கேயிருந்து பதிலுக்கு மூன்று தட்டுத் தட்டுவான். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் தட்டுவான். அவன் காய்ச்சலில் போனான், அதற்குப் பின்னால் சுனாமி வந்தது, மகன் அருண்பிரசாத்தைக் கூட்டிக்கொண்டு இந்தப் பெரிய தீவுக்கு வந்தாள். இங்கேயும் காலையில் பின்கதவைத் திறந்து தட்டிவிட்டுத்தான் வாழைக்கடியில் இறங்குவாள். கோழிகளெல்லாம் தட்டினால் சிதறி வழி விடும்.

வயசாக ஆக அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இந்தக் கதைக்கெல்லாம் வேர். வீட்டுக்கு டி.வி. வந்தது, அதில் நாள் முழுக்கப் புலியும் சிறுத்தையும் ஓடின. பார்க்கப் பார்க்க அந்தப் புலிகளெல்லாம் வந்து அவள் புலிமேல் படுத்துக்கொண்டன. கண்ணை மூடினால் கல் தெரிகிறது, வாளி தெரிகிறது. கல்மேல் இருப்பது தான் பார்த்ததா, டி.வி.யில் வந்ததா? அப்பா சொன்னபடி நாயாகவே இருந்திருக்குமோ? சிலோனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் பேசிப் பேசிக் காதில் விழுந்தது. அவளே கண்ணால் பார்த்துக் கொண்டுவந்தது அந்த ஒன்றுதான். அதுவும் பொய்யென்றால் அங்கே தான் இருந்ததற்கே அத்தாட்சி இல்லை என்று அவளுக்குப் பட்டது. காட்டில் ஒன்றை நேரில் பார்த்தால் போதும், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், தெரிந்துவிடும்.

நம் ஊரில் சர்க்கார் வேலைக்காரர்களுக்கு எல்.டி.சி. வரும், சர்க்கார் செலவில் மெயின்லேண்டுக்குக் குடும்பத்தோடு போய்வரலாம். எல்லாரும் மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று போய், வரும்போது நாலு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு வருவார்கள். அருண்பிரசாத் சர்க்கார் ஆபீஸில் கிளார்க். போன வருஷம் அவன் முறை வந்தபோது, அம்மா உனக்கு எந்தக் கோயில் என்று கேட்டான். கோயில் வேண்டாம், புலி பார்க்கணும் என்றாள். அவன் சிரித்தான், ஆனால் கூட்டிக்கொண்டு போனான். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை.

நீலகிரி அடிவாரத்தில் ஒரு காடு. விடிகாலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர்கள் மூன்று பேர், முழங்கை நீளக் கேமராவோடு பெங்களூர்க்காரர் ஒருவர், அவர் சம்சாரம். டிரைவர் பெயர் பழனிசாமி, நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டி கிளம்பும் முன் ஒரே ஒரு சட்டம் சொன்னார், யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று.

ஒரு மணி நேரம் மானும் மயிலும்தான். பிறகு எங்கேயோ ஒரு மான் அலறியது. பழனிசாமி இன்ஜினை நிறுத்தினார். எதிரே வண்டிப்பாதை குறுகி, இரண்டு பக்கமும் உண்ணிச்செடி இடுப்புயரத்துக்கு நெருக்கமாக நின்றது. இலையெல்லாம் பனி. அவர் தாடையால் எதிரே ஒரு மரத்தடியைக் காட்டினார். பெங்களூர்க்காரர் கேமராவைத் தூக்கினார். வண்டி அப்படியே இறக்கத்தில் மெல்ல உருண்டு, பச்சைக்கு நடுவே நுழைந்தது.

ஜெயமணி தட்டிவிட்டாள். மூன்று தரம். அவள் நினைத்துத் தட்டவில்லை, பனி விழுந்த செடிக்கு நடுவே இறங்கப்போகிறோம் என்றதும் கை தானாகத் தட்டிவிட்டது. தட்டினதும் பழக்கப்படி தலையும் குனிந்துவிட்டது. செடி சலசலத்ததைக் காதால்தான் கேட்டாள். நிமிர்ந்தபோது மரத்தடி வெறும் மரத்தடியாக இருந்தது. மற்றவர்கள் புள்ளி போட்ட பாதி உடம்பையாவது பார்த்தார்கள், அவள் வாலைக்கூடப் பார்க்கவில்லை.

பெங்களூர்க்காரர் முதலில் இங்கிலீஷில் ஏசினார், பிறகு இந்தியில். இந்தி தெரியாதென்று நினைத்தாரோ என்னவோ, தீவுக்காரிக்கு இந்தி தெரியாமல் இருக்குமா? எல்லாம் விளங்கியது. அருண்பிரசாத் சாரி சார், சாரி சார் என்று கும்பிட்டான். ஷீலா துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மகன் இவள் பக்கம் குனிந்து சொன்னான். "உன்னை ரூம்லயே விட்டுட்டு வந்திருக்கணும்மா."

பழனிசாமி மட்டும் ஏசவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி அவளையே பார்த்தார்.

"எந்தத் தோட்டம்க்கா?" என்றார்.

ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வியை ஜெயமணியிடம் யாரும் கேட்டதில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

"எங்கம்மாவுக்குப் பக்கத்துத் தோட்டம். அவங்களும் இப்படித்தான், கக்கூசுக்குப் போனாலும் தட்டிட்டுத்தான் போவாங்க."

அவருடைய அம்மா ஒச்சம்மா. அவளும் சிலோனிலிருந்து அதே சமயத்தில் அனுப்பப்பட்டவள். அவர்களை நீலகிரியில் தேயிலைக்கு அனுப்பினார்கள், இவர்களைக் கப்பலில் ஏற்றி ரப்பருக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இறங்கும்போது பழனிசாமி நம்பர் வாங்கிக்கொண்டார். போனில் பேசுகிற ஆம்பளை இவர்தான். அவர் நலம் விசாரித்துவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு கிழவிகளும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் ஷீலா இதை வேடிக்கையாக நாலு பேரிடம் சொன்னாள். சொல்லும்போது அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. மேல் வீட்டு வங்காளியம்மா நெற்றியைத் தொட்டு "பாகல்", பைத்தியம், என்று சிரித்தாள். வசந்தகுமாரி, கோழித் திருடன் வந்தால் உங்களைத்தான் கூப்பிடணும் ஜெயமணிக்கா என்றாள். தெருவில் இவள் தலை தெரிந்தால் யாராவது ஒருவர் தட்டுவது, மற்றவர்கள் சிரிப்பது என்று ஆகிவிட்டது. ராஜமாணிக்கம் தட்டினது போல் அதுவும் விளையாட்டுத்தானே என்று நினைத்துப் பார்த்தாள். அப்படித் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாவிடம் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள், எப்படியோ வந்துவிட்டது. அந்தப் பக்கம் கிழவி சிரிக்கவில்லை.

"கையில என்னா வச்சிருந்தே?"

"தேத்தண்ணி வாளிக்கா. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்."

"அப்பத் தட்டியிருக்க ஏலாதுல்ல. தட்டாமப் போனவ கண்ணுக்குத்தான் அது தெரியும். நீ பாத்துதான் இருப்பே புள்ள."

அன்றைக்கு ஜெயமணி அடுப்பை அணைக்க மறந்து பருப்பைக் கருக்கிவிட்டாள். ஆனால் ஒருத்தர் நம்பிவிட்டதால் அவளுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. "நீங்க நம்புறது சரிக்கா, நான் நம்பணும்ல," என்று அடுத்த வாரம் போனில் சொன்னாள். அப்படியென்றால் புறப்பட்டு வா, என் வீட்டில் தங்கு, மழை பிடிக்கும் முன் வா, பார்க்கிறவரைக்கும் தினம் காலையில் வண்டியில் போ என்று ஒச்சம்மா சொல்லிவிட்டாள். முன் சீட்டு சின்னம்மாவுக்குத்தான் என்று பழனிசாமியும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

மகனிடம் சொன்னபோது அவன் முதலில் முழங்காலைச் சொன்னான், பிறகு கடலைச் சொன்னான். கடைசியில் உள்ளதைக் கேட்டான், மறுபடியும் தட்டிவிட்டால் என்ன செய்வாய் என்று. தட்டமாட்டேன் என்றாள். ஐம்பது வருஷப் பழக்கம் அம்மா என்றான்.

அதற்காக அவள் பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை. காலையில் பின்கதவைத் திறந்து, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நிற்பாள். விரலெல்லாம் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்குவாள். கோழிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு விழுந்தால்தானே அவை நகரும்? ஒரு நாள் காலடியில் கோழி மாட்டி, வாழைமேல் சாய்ந்துகொண்டதால் விழாமல் தப்பித்தாள். பதினோரு நாள் தட்டாமல் இருந்தாள், பன்னிரண்டாம் நாள் மழை பெய்து வாழையிலை நனைந்து நின்றது, தட்டிவிட்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அன்றைக்கு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் போன் பேச்சு ஊரெல்லாம் பரவி ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. ஒரு சாயங்காலம் அருண்பிரசாத் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"அந்த ஆளு யாருன்னு ஆபீஸ்ல கேக்குறாங்கம்மா. நான் எங்க மூஞ்சிய வச்சுக்கிறது?"

"நீ என்னா சொன்னே?"

அவன் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தான்.

"உனக்குத்தான் அவரத் தெரியும்ல. கூடவே வந்து உக்காந்திருந்தியே."

அவன் கெட்டவன் இல்லை, சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே வாய் திறக்க வராது, அவ்வளவுதான். அன்றைக்கு லயத்தில் அம்மாவும் சேர்ந்து சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்ப்பா," என்றாள். அதற்குமேல் அவனிடம் அனுமதி கேட்கவில்லை. கப்பல் தேதி ரேடியோவில் சொன்ன மறுநாள், தீவுக்காரி என்பதற்கான ஐலண்டர் கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தானே வரிசையில் நின்று, விலை குறைந்த பங்க் கிளாஸில் சென்னைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். போகாதே என்று அவனும் சொல்லவில்லை.

புறப்பட்ட நாள் புதன்கிழமை. அருண்பிரசாத் நேரத்தோடு ஆபீஸ் போய்விட்டான். ஆனால் அவள் பையின் மேலே மாத்திரைகள் சின்னச் சின்னக் கவரில் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாதல்லவா? காலைக் கவரில் சூரியனும், ராத்திரிக் கவரில் பிறையும் பேனாவால் வரைந்து வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டுச் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷீலா புளிச்சோறு கட்டி, பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்திருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. "நான் அத வெளிய சொல்லியிருக்கக் கூடாது அத்த," என்றாள். சொன்னால் என்ன, நடந்ததைத்தானே சொன்னாய் என்றாள் ஜெயமணி. பிறகு பிளாஸ்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது வேணாம் ஷீலா. அந்தத் தூக்குவாளிய எடு. மூடி வேணாம்."

"கப்பல்ல சிந்துமே அத்த."

"சிந்தாது."

மருமகள் ஒன்றும் விளங்காமல் வாளியைத் தேடி எடுத்து டீயை மாற்றிக் கொடுத்தாள். ஜெயமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், சூடு உள்ளங்கையில் ஏறியது. வாசற்படியில் வழக்கமாக நிற்கிற மாதிரி ஒரு நொடி நின்றாள். விரல்கள் துடிக்கவில்லை, அவற்றுக்கு வேலை இருந்தது. இறங்கினாள்.

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த வசந்தகுமாரி திரும்பினாள். பையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி மூன்று தரம் தட்டினாள்.

ஜெயமணி நின்று தலையைத் திருப்பி அவளை முழுசாகப் பார்த்தாள். கோபம் இல்லை, வெட்கமும் இல்லை, ஆள் யார் என்று பார்க்கிற பார்வை. வசந்தகுமாரியின் சிரிப்பு பாதியில் நின்றது, கை ஈரத்துணிமேல் இறங்கியது. அதற்குப் பிறகு ஜெயமணி திரும்பி மேட்டிலிருந்து கீழே நடந்தாள், அவசரப்படாமல். ஷீலா வாசலில் நின்று கடைசி வரைக்கும் பார்த்திருக்கிறாள். கீழே வளைவில் போய் மறைகிறவரைக்கும் வாளியிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம்.